ஜெனோவாவா, மார்செய்யா, நேப்பிள்ஸா? வயசானவங்களோட போக எந்தத் துறைமுக ஊரு நல்லது

ஜெர்மனில வேலை பாக்கற என் சித்தி பையன் போன வாரம் போன் பண்ணான். மே மாசம் சித்தியும் சித்தப்பாவும் வர்றாங்களாம், அவனுக்கு அஞ்சு நாள் லீவு இருக்காம், மெடிட்டரேனியன் பக்கம் பழைய துறைமுக ஊரா காட்டணும்னு ஆசை, இத்தாலில ஜெனோவா, நேப்பிள்ஸ், பிரான்ஸ்ல மார்செய், மூணையும் ஒரே டிரிப்ல பாத்துரலாமா அண்ணான்னு கேட்டான். டேய் வேணாம்டான்னு தான் முதல்ல வாயில வந்துச்சு. மேப்ல பாத்தா மூணும் ஒரே கடல் ஓரம் பக்கத்து பக்கத்துல இருக்கற மாதிரி தான் தெரியும், ஆனா மார்செய்ல இருந்து ஜெனோவா போக நீஸ், வெந்திமில்யான்னு எறங்கி ஏறி அரை நாள் போயிடும், ஜெனோவால இருந்து நேப்பிள்ஸ் போக இன்னொரு அரை நாள், சித்திக்கு முட்டி வலி வேற, பெட்டிய தூக்கிட்டு பிளாட்பாரம் மாறி மாறி ஓடறதுலயே பாதி லீவு கரைஞ்சிடும். ஒரு ஊர எடு, அஞ்சு நாளும் அங்கயே இரு, இதான் நான் சொன்னது. எந்த ஊருன்னு அவன் கேட்டதுக்கு போன்ல சொன்னத தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், இதே குழப்பத்துல நெறைய பேரு இருப்பீங்க.

மூணு ஊருக்கும் நான் போயிருக்கேன், ஜெனோவாவுக்கு ரெண்டு தடவ, ரெண்டாவது தடவ அம்மாவோட. துறைமுக ஊருன்னா நான் பாக்கறது ஒரே விஷயம் தான். காலைல ரூம விட்டு எறங்கி நடந்தா எவ்ளோ நேரத்துல தண்ணி கிட்ட போய் நிக்கறேன், அங்க நிக்கும்போது இந்த ஊரு எதுக்காக இந்த எடத்துல வந்துச்சுன்னு கைடு யாரும் சொல்லாமலே புரியுதா. கோட்டை, சர்ச், மியூசியம் எல்லாம் உள்நாட்டு ஊர்லயும் இருக்கு, துறைமுக ஊருக்குன்னு மெனக்கெட்டு போனா கப்பல் வாசனை அடிக்கணும்.

நேப்பிள்ஸ முதல்ல சொல்லி ஓரமா வெச்சிடறேன், ஊரு நல்லா இல்லன்னு இல்ல, ரொம்ப பெரிய ஊரு, அது தான் பிரச்சனை. அங்க போனா பாம்பேய் போகாம வர முடியாது, கி.பி. 79ல வெசூவியஸ் வெடிச்சு மூடின ஊரு பக்கத்துல இருக்கும்போது யாரு தான் விடுவா, லோக்கல் ரயில்ல முக்கா மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஆனா அதுக்கு முழுசா ஒரு நாள் வேணும், நெழலே இல்லாத வெயில்ல, மேடும் பள்ளமுமா ரோமன் காலத்து பாறாங்கல் போட்ட தெருவுல நடக்கணும், சித்தி முட்டிக்கு அது ஆகாது. அப்புறம் தேசிய தொல்லியல் மியூசியம் ஒரு நாள், பழைய ஊரு ஸ்பக்கானாப்போலி ஒரு நாள், காப்ரி இல்லன்னா ப்ரோச்சிதா தீவு ஒரு நாள், முடிஞ்சுது அஞ்சு நாள். துறைமுகம்னு பாத்தா மோலோ பெவெரெல்லோல இருந்து தீவுக்குப் போற வேகப் படகு ஏறுவீங்க, அவ்ளோ தான், பக்கத்துல காஸ்தெல் நுவோவோ கோட்டை கம்பீரமா நிக்கும், ஆனா அந்த எடம் நமக்கு பஸ் ஸ்டாண்டு மாதிரி தான், வந்தோம் டிக்கெட் எடுத்தோம் ஏறினோம்.

ஆனா ரெண்டு விஷயத்துக்காக நேப்பிள்ஸுக்கு தனியா ஒரு டிரிப் போடுங்கன்னு சொல்லுவேன். ஒண்ணு, அந்த மியூசியத்துல இருக்கற தந்தச் சிலை, பாம்பேய் வீடு ஒண்ணுல 1938ல கெடச்சது, சுமார் 25 சென்டிமீட்டர் தான் இருக்கும், இந்தியால செதுக்கினது, பாம்பேய் லட்சுமின்னு பேரு வெச்சுட்டாங்க, லட்சுமியா யட்சியான்னு அறிஞர்களுக்குள்ள வேற வேற கருத்து. இடுப்புல மேகலை, கை நெறைய வளையல், கால்ல வரிசையா தண்டை, நம்ம கோயில் தூண்ல பாத்த பொண்ணு மாதிரியே நிக்குது. எரிமலை வெடிக்கறதுக்கு முன்னாடியே இங்க வந்து சேந்திருக்குன்னு நெனச்சு பாத்தா அந்த கண்ணாடிப் பெட்டிய விட்டு நகர மனசு வராது. இன்னொன்னு நேப்பிள்ஸுக்கு மேற்கால இருக்கற பொட்சுவோலி. ரோமன் காலத்துல அதுக்கு பேரு புத்தியோலி, அலெக்சாண்ட்ரியால இருந்து வர்ற சரக்கு அங்க தான் எறங்குச்சு, முசிறில ஏத்தின சேர நாட்டு மிளகு செங்கடல் தாண்டி நைல் வழியா அலெக்சாண்ட்ரியா போயி அங்கேந்து கப்பல்ல வந்து கரை தொட்ட எடம். அங்க பழைய சந்தைல நிக்கற மூணு பளிங்குத் தூண பக்கத்துல போய் பாருங்க, நடுவுல ஒரு பட்டை மாதிரி பொடிப் பொடியா ஓட்டையா இருக்கும், கடல் சிப்பி துளைச்சது, அதாவது அந்த நெலம் ஒரு காலத்துல கடலுக்குள்ள எறங்கி மறுபடி மேல வந்திருக்கு. எரிமலைப் பகுதி, இன்னும் ஏறி எறங்கிட்டே தான் இருக்கு, 2024 மே மாசம் 4.4 அளவுல நில அதிர்வு வந்துச்சு. வயசானவங்கள கூட்டிட்டு அந்தப் பக்கம் ரூம் போட வேணாம், பகல்ல போய்ட்டு வந்துடுங்க.

இப்ப மார்செய். நான் சொன்ன அந்த ஒரே அளவுகோல்ல பாத்தா மூணுல மார்செய்க்கு தான் முதல் மார்க், இத மறைக்க வேண்டியதில்ல. கிமு 600 வாக்குல கிரேக்கக்காரங்க வந்து எறங்கின அதே சின்ன கடல் குடா தான் இன்னைக்கும் ஊருக்கு நடுவுல இருக்கு, பழைய துறைமுகம்னு தான் பேரே. ஊர் மொத்தமும் அந்தத் தண்ணிய பாத்து தான் உக்காந்திருக்கு. காலைல எட்டு மணிக்கு மேல போனா கரைலயே மீன் சந்தை, படகு வந்து நிக்கும், நீலக் கலர் தொட்டில மீன கொட்டி வெச்சு மீன்காரம்மா கத்தி விப்பாங்க. ஒரு தொட்டில முள்ளு முள்ளா செகப்பா ராஸ்காஸ்னு ஒரு மீனு, வாய தொறந்து தொறந்து மூடிட்டு இருந்துச்சு, அந்தம்மா அத வால புடிச்சு தூக்கி தராசுல போட்டப்ப தண்ணி என் பேன்ட் மேல தெறிச்சுது, காசிமேடுல நிக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கு பக்கத்துலயே 2013ல நார்மன் ஃபாஸ்டர் டிசைன்ல கட்டின பெரிய கண்ணாடி மாதிரி எஃகுக் கூரை, அண்ணாந்து பாத்தா நீங்களும் மீனும் கூட்டமும் தலைகீழா தொங்குவீங்க. அந்தக் கரைல இருந்து இந்தக் கரைக்கு ஒரு குட்டி ஃபெர்ரி ஓடும், தூரம் 300 மீட்டர் கூட இருக்காது, ஊர்க்காரங்க அத உசுரா வெச்சிருக்காங்க. எறங்கற எடத்துக்கு பேரு எண்ணெய்ச் சதுக்கம்.

எண்ணெய்னு சொன்னதும் எனக்கு நெனவுக்கு வர்றது எங்க ஊரு. நான் திண்டிவனம் பக்கம், எங்களுக்கு வேர்க்கடலை கெடையாது, மல்லாட்ட. 19ஆம் நூற்றாண்டு கடைசில தென்னாற்காடு ஜில்லா மல்லாட்ட மூட்ட மூட்டையா பாண்டிச்சேரி போயி அங்க கப்பல் ஏறி மார்செய்ல தான் எறங்குச்சு, அங்க எண்ணெய் ஆட்டவும் சோப்பு காய்ச்சவும். மார்செய் சோப்புன்னு இன்னைக்கு டூரிஸ்ட் கடைல சதுரக் கட்டியா விக்கறாங்கல்ல, 72 சதவீதம் எண்ணெய்னு முத்திரை குத்தி, அந்தத் தொழில் பெருசானதுக்கு பின்னாடி எங்க பக்கத்து செம்மண் காட்டு வெவசாயியும் இருக்கான். அந்தக் கட்டிய கைல வாங்கி மோந்து பாத்தப்ப என் தாத்தா களத்துல மல்லாட்ட காயவெச்ச நெனப்பு வந்துருச்சு, நாலு கட்டி வாங்கிட்டு வந்தேன். பாண்டிச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கத்து ஆளுங்களுக்கு மார்செய் வெறும் டூரிஸ்ட் ஊரு இல்ல, பிரெஞ்சுக் கப்பல் கம்பெனி காலத்துல பாண்டில இருந்து போனவங்க பல பேரு முதல்ல பாத்த பிரான்ஸ் இந்தக் கரை தான். சான் ஷார்ல் ரயில்வே ஸ்டேஷன் முன்னாடி 104 படி எறங்கும், அந்தப் படி ஓரத்துல ஆசியக் காலனிகள்னு ஒரு சிலை, ஆப்பிரிக்கக் காலனிகள்னு ஒரு சிலை, ரெண்டுமே படுத்துக் கெடக்கற பொண்ணா செதுக்கி வெச்சிருக்காங்க. நின்னு பாருங்க, யாரு உழைப்புல யாரு ஊரு கட்டினாங்கன்னு அந்தக் கல்லுலயே இருக்கு. காந்தி வட்டமேசை மாநாட்டுக்குப் போறப்ப 1931 செப்டம்பர்ல எறங்கினதும் மார்செய்ல தான்.

அப்ப ஏன் சித்திக்கு மார்செய் வேணாம்னு சொன்னேன்? பல காரணம் இருக்கு. பழைய ஊருன்னு தேடிப் போனா துறைமுகத்து வடக்குக் கரைல இருந்த பழைய குடியிருப்ப 1943 ஜனவரி, பிப்ரவரில ஜெர்மன் ராணுவம் சனத்த காலி பண்ணி வெடி வெச்சு இடிச்சுருச்சு, பிரெஞ்சு போலீசும் அதுக்கு கூட நின்னுச்சு, சுமார் 20,000 பேரு வீடு இழந்தாங்க, அதுக்கு மேல மேட்டுல லெ பனியே தெரு தான் மிச்சம், அழகு தான், ஆனா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், படியும் ஏத்தமும் வேற. நோத்ரு தாம் த லா கார்த் சர்ச் மலை உச்சில, பழைய துறைமுகத்துல இருந்து 60ஆம் நம்பர் பஸ் மேல வரைக்கும் போகும், அங்க உள்ள கூரைல இருந்து குட்டி குட்டி கப்பல் பொம்மை தொங்கும், கடல்ல உசுரு பொழச்சவங்க நேர்ந்துகிட்டது, செவுரு பூரா நன்றிக் கல்லு, வேளாங்கண்ணி போனவங்களுக்கு இது அப்படியே புரியும், சித்திக்கு கட்டாயம் புடிக்கும். ஆனா பஸ் நின்ன அப்புறமும் படி இருக்கு, மேல மிஸ்ட்ரால் காத்து அடிச்சா ஆளயே தள்ளும். கலாங்க்னு சொல்ற சுண்ணாம்புப் பாறைக் குடா மார்செய்யோட பெரிய பெருமை, அது மலை நடை, காட்டுத் தீ அபாயம்னா கோடைல மூடிடுவாங்க, சுகித்தோன் பக்கம் கோடைல முன்பதிவு பண்ணா தான் விடுவாங்க, நான் ஒரு தடவ காலைல பஸ் புடிச்சு போய் அபாய நாள்னு போர்டு பாத்து திரும்பி வந்தேன். சாப்பாடு தான் பெரிய சிக்கல், சித்தி வீட்டுல சைவம். ஊரோட பேரே பூயபேஸ் மீன் குழம்புல தான் இருக்கு, நல்ல கடைல ஒரு ஆளுக்கு 60 யூரோ தாண்டும், சைவக்காரங்களுக்கு அங்க பெருசா ஒண்ணும் இல்ல, நொவாய் சந்தைப் பக்கம் காய் போட்ட குஸ்குஸும், கொண்டக்கடல மாவுல பொரிச்ச பனீசும் வெச்சு ரெண்டு நாள் ஓட்டலாம், அஞ்சு நாள் ஓட்ட முடியாது.

ஜெனோவால மட்டும் தான் எங்கம்மா, சுத்த சைவம், ஒரு நாள் கூட பசிக்குதுன்னு சொல்லல. துறைமுகத்துக்கு எதிர்க்க சொத்தோரீபான்னு ஒரு வளைவு மண்டபத் தெரு, 12ஆம் நூற்றாண்டுல இருந்து இருக்கறது, அங்கயும் உள்சந்துலயும் ஃபரினாதா போடற கடை இருக்கும். கொண்டக்கடல மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்ளோ தான், ஒரு மாட்டு வண்டி சக்கரம் அகலத்துக்கு செம்புத் தட்டு, ஈயம் பூசினது, அதுல மாவ தண்ணியா ஊத்தி வெறகு அடுப்புக்குள்ள தள்ளுவாரு, வெளில வரும்போது மேல பழுப்பு பழுப்பா புள்ளி, ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல அல்வா மாதிரி எளசா இருக்கும். அம்மா ஒரு வாய் வெச்சுட்டு, மெளகு தூள் எங்கடான்னு கேட்டாங்க, கேக்கறதுக்கு முன்னாடியே கடைக்காரரு மேல தூவிட்டு தான் குடுத்திருக்காரு. ஃபொக்காச்சா ரொட்டி ஆலிவ் எண்ணெய்ல ஊறி வரும், காலைல காபில தொட்டு சாப்பிடறாங்க. பெஸ்தோவும் இந்த ஊரு தான், துளசிக்கு சொந்தக்கார இலை, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், பளிங்கு உரல்ல இடிச்சது, த்ரோஃபியே பாஸ்தா வெறும் மாவும் தண்ணியும் தான், முட்டை கெடையாது, பீன்சும் உருளைக்கெழங்கும் சேத்து வேக வெச்சு கலந்து தருவாங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த பார்மசான் சீஸ் உறையறதுக்கு கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்தத சேப்பாங்க, ரொம்ப கட்டுப்பாடா இருக்கறவங்க சீஸ் இல்லாம கேட்டுக்கோங்க. நின்னுட்டே சாப்பிட்டு போற ஊருங்கறதால செலவும் மார்செய்ய விட எங்களுக்கு கம்மியா தான் ஆச்சு.

அடுத்து காலு. ஜெனோவா மலைச்சரிவுல ஒட்டி வெச்ச ஊரு, அதனால தான் நெறைய பேரு வயசானவங்களுக்கு வேணாம்பாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மலையா இருக்கறதாலேயே அவங்க நூறு வருஷத்துக்கு மேல தெரு நடுவுல லிஃப்ட் கட்டி வெச்சிருக்காங்க, கயிறு இழுக்கற ரயில் இருக்கு, அதெல்லாம் பஸ் மாதிரி ஊர்ப் போக்குவரத்துல சேத்தி. ஒரு சின்ன சுரங்கப் பாதைல நடந்து போனா உள்ள காஸ்தெல்லெத்தோ லிஃப்ட், ஏறி வெளில வந்தா ஊரு மொத்தமும் கால்கீழ, சாம்பல் கலர் ஸ்லேட் கூரையா, அதுக்கு பின்னாடி கிரேன், அதுக்கும் பின்னாடி கடல், மேற்கால லந்தெர்னா கலங்கரை விளக்கம், 1543ல கட்டினது, 77 மீட்டர். பழைய ஊரோட சந்து எல்லாம் கருஜ்ஜினு சொல்லுவாங்க, கைய விரிச்சா ரெண்டு செவுரும் படும், அதுக்கு ஒட்டியே மேல ஒரு தெரு பூரா பணக்காரங்க அரமனை, அரசு விருந்தாளி வந்தா யாரு வீட்டுல தங்க வைக்கறதுன்னு அந்தக் காலத்துல பட்டியல் போட்டு வெச்சிருந்தாங்க, ரோல்லின்னு பேரு, அதுல 42 அரமனைய 2006ல யுனெஸ்கோ சேத்துச்சு. வருஷத்துல வசந்த காலத்துலயும் எலையுதிர் காலத்துலயும் சில நாள் நெறைய அரமனைய ஒண்ணா தொறந்து விடுவாங்க, மே மாசம் போறதா இருந்தா அந்தத் தேதிய பாத்து டிக்கெட் போடு.

சான் லொரென்சோ கத்தீட்ரல் கறுப்பு வெள்ள பட்ட பட்டையா இருக்கும். உள்ள போயி வலது பக்கம் பாருங்க, ஒரு ஆள் ஒசரத்துக்கு கொஞ்சம் கம்மியா, துரு கலர்ல ஒரு பீரங்கிக் குண்டு செங்குத்தா நிக்கும். 1941 பிப்ரவரி 9 பிரிட்டிஷ் கப்பல் படை கடல்ல இருந்து ஊர சுட்டப்ப செவுத்த தொளச்சிட்டு உள்ள வந்து விழுந்து வெடிக்காம கெடந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லி பக்கத்துல கல்லுல எழுதி வெச்சிருக்காங்க. அம்மாவுக்கு இத்தாலியன் தெரியாது, நான் சொன்னதும் கை கூப்பினாங்க, துறைமுகம் இருந்தா ஊருக்கு சோறும் வரும் குண்டும் வரும்ல, அப்டின்னாங்க.

கரைக்கு வந்தா செவுரு பூரா சித்திரம் தீட்டின பலாத்சோ சான் ஜோர்ஜோ, 1260ல கட்டின கட்டடம். மார்கோ போலோ கைதியா இருந்தது இங்க தான்னு ஊர்ல சொல்றாங்க, ஜெனோவா சிறைல தான் அவரு தன் பயணத்த கூட இருந்த ருஸ்திகெல்லோகிட்ட சொல்லி எழுத வெச்சாரு, 1298 வாக்குல. அதுல பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் இருக்கு, காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டுல இருந்து குதிரைக் கப்பல் வந்தது பத்தியும் இருக்கு. தாமிரபரணி முகத்துவாரத்து ஊரப் பத்தி ஜெனோவா ஜெயில்ல ஒருத்தன் சொல்ல ஒருத்தன் எழுதியிருக்கான், அந்தக் கட்டடத்து முன்னாடி நின்னப்ப எனக்கு புல்லரிச்சுது.

கொறையும் சொல்லிடறேன். அந்தக் கட்டடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல 1965ல கட்டின மேம்பாலம் ஒண்ணு ஓடுது, ஊரையும் கடலையும் வெட்டின மாதிரி, மார்செய்ல கெடைக்கற அந்த நேர்ப் பார்வை இங்க கெடையாது. பாலத்துக்கு கீழ புகுந்து போனா போர்த்தோ அந்திகோ, அதாவது பழைய துறைமுகம், கொலம்பஸ் அமெரிக்கா போன 500ஆவது வருஷத்துக்காக 1992ல ரென்சோ பியானோங்கற கட்டடக் கலைஞர் மாத்தி அமைச்சது, மீன்காட்சியகம், உக்கார எடம், எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா மீன் தொட்டி கிட்ட நின்னு பேன்ட் நனையற அனுபவம் இல்ல, உண்மையான துறைமுகம் மேற்கால தள்ளிப் போயிடுச்சு. பிரின்சிப்பே ஸ்டேஷன் பக்கத்து சந்துல ராத்திரி நேரம் கழிச்சு நடக்காதீங்க, மூணு ஊர்லயும் செல்போன பேன்ட் பின் பாக்கெட்ல வைக்காதீங்க. முதல் தடவ நான் புக் பண்ண வாடகை வீடு லிஃப்ட் இருக்குன்னு போட்டிருந்துச்சு, போனா நாலு மாடி செங்குத்துப் படி, பழைய ஊருக்குள்ள நெறைய வீடு அப்படித்தான், ரூம் போடறதுக்கு முன்னாடி எத்தனாவது மாடி, வீட்டுக்குள்ளயே லிஃப்டான்னு மெசேஜ் போட்டு பதில் வாங்கிக்கோங்க. அக்டோபர் நவம்பர்ல மழை கொட்டும், 2011லயும் 2014லயும் வெள்ளம் வந்த ஊரு, மே மாசத்துக்கு பயம் இல்ல.

அதனால தம்பிக்கு ஜெனோவா தான்னு சொல்லிட்டேன். கரையோட நெருக்கத்துல மார்செய் ஜெயிக்குது, ஆனா முட்டி வலியும் சைவச் சாப்பாடும் சேந்தா ஜெனோவால அஞ்சு நாள் நிம்மதியா ஓடும், நாலாவது நாள் லோக்கல் ரயில்ல அரை மணி நேரத்துல காமோல்யி போய் கடலோரமா உக்காந்துட்டு வரலாம். அவனும் அவன் பொண்டாட்டியும் மட்டும் போறதா இருந்தா செப்டம்பர்ல மார்செய்னு தான் சொல்லியிருப்பேன். விசாவும் ஒண்ணு, சித்தியும் சித்தப்பாவும் அதிக நாள் தங்கற நாட்டுக்கு தான் ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாட்டுக்கு பொதுவான விசா, அப்ளை பண்ணனும், அவங்க ஜெர்மனில தான் ஒரு மாசம் இருக்கப் போறாங்க, ஜெர்மன் விசாவே போதும், இத்தாலிக்குன்னு தனியா வேணாம்.

சித்தப்பா சென்னை ஹார்பர்ல முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவரு. அவர முதல் நாள் சாயங்காலமே காஸ்தெல்லெத்தோ லிஃப்ட்ல மேல கூட்டிட்டு போய் அந்த பெஞ்சுல உக்கார வெச்சிடு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், எந்த கிரேன் என்ன தூக்குதுன்னு அவரு உனக்கு சொல்லுவாரு.